மட் அஞ்சல் நிரலின் கேஷ் கோப்புகள்: எவற்றை அழிக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது

மன்னார்குடிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் கைபேசி சிக்னல் வீட்டுத் திண்ணையில் இரண்டு கோடும் கூடத்துக்குள் ஒரு கோடுமாகத்தான் கிடைக்கிறது. அந்த ஒரு கோட்டில் உலாவியைத் திறந்து அஞ்சல் பெட்டிக்குள் நுழைவதற்குள் பொறுமை போய்விடும் என்பதால், எழுத்துகளை மட்டுமே காட்டும் மட் என்ற அஞ்சல் நிரலைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய நிரல் அது; அதிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோமட் என்பதும் இன்று புழக்கத்தில் இருக்கிறது. படமோ விளம்பரமோ பொத்தானோ இல்லாமல் கறுப்புத் திரையில் கடிதங்களை வரிசையாகக் காட்டும் இந்த நிரலைப் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அஞ்சல் பெட்டியைத் திறந்தவுடன் திரையின் அடிவரியில் ஓர் எண்ணிக்கை ஓடத் தொடங்கும். இருபதாயிரம் கடிதங்கள் இருந்தால் இருபதாயிரம் வரை அது ஓடி முடிய வேண்டும். நிரலை மூடிவிட்டு மறுபடி திறந்தால், எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இந்த வீண் உழைப்பைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டவைதான் கேஷ் கோப்புகள்.

கேஷ் என்றதும் பணம் நினைவுக்கு வரக்கூடும். இந்தச் சொல்லுக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. தொலைவில் இருக்கும் ஒன்றை அடிக்கடி போய் எடுத்து வருவதற்குப் பதிலாக, ஒருமுறை எடுத்ததன் நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதே கேஷ். நம் வீடுகளில் இதற்கு நேரான பழக்கம் ஏற்கெனவே உண்டு. பயிர்க்கடன் கேட்கவும், பயிர்க் காப்பீடு செய்யவும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள் என்பதால் அவற்றின் நகலை எடுத்து ஒரு பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். மூலப் பதிவு வருவாய்த்துறையிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது நகல். பை தொலைந்துபோனால் அலைச்சல் உண்டே தவிர நிலம் கைவிட்டுப் போவதில்லை. அஞ்சல் கேஷும் இத்தகையதே. கடிதத்தின் மூலப் பிரதி சேவையகத்தில், அதாவது அஞ்சல் சேவை தருபவரின் கணினியில் இருக்கிறது. நம் கணினியில் இருப்பது நகல். அதை அழித்தால் மறுபடி இறக்கிக்கொள்ளும் நேரமும் இணையச் செலவும்தான் நட்டம்.

மட் நிரலில் இந்த நகல் இரண்டு வகையாக இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வடிவங்களில் சேர்கின்றன. முதலாவது ஹெடர் கேஷ். ஒரு கடிதத்தை யார் அனுப்பினார், யாருக்கு அனுப்பினார், எப்போது, என்ன பொருள் பற்றி என்ற தலைப்பு விவரங்களை மட்டும் ஒரு சிறு தரவுத்தளக் கோப்பில் இது சேர்த்து வைக்கிறது. பெட்டியைத் திறக்கும்போது பழைய கடிதங்களின் விவரங்களை இந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டு, புதிதாக வந்த கடிதங்களுக்கு மட்டும் சேவையகத்தைக் கேட்பதால்தான் இரண்டாம் முறை பெட்டி சட்டென்று திறக்கிறது. ஒரு தலைப்புக்கு 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டாலும் இருபதாயிரம் கடிதங்களுக்கு 80 மெகாபைட்தான் ஆகிறது. எனவே ஹெடர் கேஷ் பெரும்பாலும் இடத்தை அடைப்பதில்லை. அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையும் இல்லை.

இடத்தை விழுங்குவது இரண்டாவது வகை. இது கடிதங்களின் முழு உடலையும் சேமிக்கும் மெசேஜ் கேஷ். நாம் ஒரு கடிதத்தைத் திறந்த கணத்தில் மட் அதை முழுவதுமாக, இணைப்புகளோடு சேர்த்து, இறக்கிக்கொள்கிறது. இரண்டு வரிச் செய்தியோடு ஒரு வரைபடம் இணைக்கப்பட்டிருந்தால், நாம் அந்த இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் வரைபடமும் வந்து சேர்ந்துவிடும். மேலும், அஞ்சலில் இணைப்புகள் பயணம் செய்வது பேஸ்64 என்ற முறையில்; மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை அது. ஆகவே 3 மெகாபைட் அளவுள்ள பிடிஎஃப் கோப்பு, கேஷ் கோப்பில் 4 மெகாபைட்டுக்குச் சற்று மேலாக இடம் பிடிக்கும். மண் பரிசோதனை அறிக்கை, ரசீது, புகைப்படம் என்று இணைப்புகளோடு வரும் கடிதங்களே அதிகமாக இருக்கும் பெட்டியில் இந்தக் கேஷ் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

மெசேஜ் கேஷின் கோப்புறைக்குள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. கணக்கின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் அஞ்சல் பெட்டிகளின் பெயர்களில் உட்கோப்புறைகள், அவற்றுக்குள் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. ஐமேப் முறையில், அதாவது கடிதங்களைச் சேவையகத்திலேயே விட்டுவைத்துப் படிக்கும் முறையில், இணைந்திருந்தால் கோப்பின் பெயர் 1389012345-4127 என்பது போல இருக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ள 4127, அந்தப் பெட்டிக்குள் அந்தக் கடிதத்துக்குச் சேவையகம் கொடுத்த வரிசை எண். முன்னால் உள்ள நீண்ட எண் பெட்டிக்கே உரிய செல்லுபடி எண். பெட்டியின் வரிசை எண்கள் இன்னும் பழையபடியே இருக்கின்றனவா, அல்லது எல்லாம் புதிதாக எண்ணப்பட்டுவிட்டனவா என்பதை அந்தச் செல்லுபடி எண்தான் நிரலுக்குச் சொல்கிறது. பாகப்பிரிவினைக்குப் பிறகு 112 என்றிருந்த புல எண் 112/1, 112/2 என்று உட்பிரிவு ஆகிவிட்டால், அலமாரியில் உள்ள பழைய சிட்டா நகல் கிழியாமல் பத்திரமாக இருந்தாலும் பயன்படாது அல்லவா? அதைப் போலவே, ஒரு பெட்டியை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலோ, சேவை தருபவர் கடிதங்களை வேறு கணினிக்கு மாற்றினாலோ செல்லுபடி எண் மாறக்கூடும். மாறியபின் மட் பழைய நகல்களை நம்பாமல் எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். ஒரு நாள் காலையில் திடீரென்று எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஓடினால் பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கும். இல்லாவிட்டால் நிரலைப் புதுப்பித்ததால் பழைய தரவுத்தளத்தின் அமைப்பு பொருந்தாமல் போயிருக்கும். எதுவும் கெட்டுவிடவில்லை என்று அமைதியாக இருக்கலாம்.

இரண்டு கேஷ்களும் தாமாக இயங்குவதில்லை; மட் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்புக் கோப்பில் நாம்தான் இடம் சொல்ல வேண்டும். ஹெடர்_கேஷ், மெசேஜ்_கேஷ்டிர் என்ற இரண்டு மாறிகளுக்கு (ஆங்கில எழுத்துகளில், அடிக்கோடு உட்பட இதே ஒலிப்புக்கு உரிய எழுத்துக்கூட்டில்) கோப்புறைகளின் பாதையைக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஹெடர்_கேஷுக்குக் கொடுத்த பாதையில் கோப்புறை ஏற்கெனவே இருந்தால், அஞ்சல் பெட்டி ஒவ்வொன்றுக்கும் அதற்குள் தனித்தனித் தரவுத்தளம் உருவாகும். கோப்புறை இல்லாமல், பாதையின் முடிவில் சாய்கோடும் இல்லாமல் இருந்தால், மட் அதை ஒரு கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு எல்லாப் பெட்டிகளையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டிவிடும். பின்னாளில் ஒரு பெட்டியின் கேஷை மட்டும் நீக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். ஆகவே முதலில் கோப்புறைகளை உருவாக்குங்கள். பிறகு அமைப்புக் கோப்பைத் திருத்துங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புறை வைத்துக்கொண்டால் எது பெருத்திருக்கிறது என்று பார்ப்பதும் எளிது.

கேஷ் இருந்தால் இணைப்பு இல்லாதபோதும் கடிதம் படிக்கலாம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்தில் தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. கைபேசிக் கோபுரமும் செயல்படவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டில் மடிக்கணினியைச் சார்ஜ் செய்துகொண்டு வந்து, பயிர்க் காப்பீட்டு ரசீது வந்திருந்த கடிதத்தைத் தேட மட்டைத் திறந்தேன். பெட்டி திறக்கவில்லை. ஐமேப் பெட்டி ஒன்றைத் திறக்க வேண்டுமானால் மட் முதலில் சேவையகத்தோடு பேசியாக வேண்டும். எந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன, செல்லுபடி எண் என்ன என்று கேட்டறிந்த பிறகே கைவசமுள்ள நகலைத் தொடும். கேட்பதற்கு வழியில்லாதபோது நகல் இருந்தும் அது கண்ணில் காட்டுவதில்லை.

அன்று கேஷ் கோப்புறைக்குள் நானே போனேன். கடிதத்துக்கு ஒரு கோப்பாக இருப்பதால் சாதாரண எழுத்துக் கோப்பைப் போல அவற்றைத் திறக்க முடிந்தது. ஆனால் தமிழில் எழுதப்பட்ட பல கடிதங்களின் உடலும், ஏன், பொருள் வரியும்கூட அதே பேஸ்64 முறையில் மாற்றப்பட்டிருந்ததால் வரிவரியாக ஆங்கில எழுத்துகளும் எண்களும்தான் தெரிந்தன. 'ரசீது' என்று தேடினாலும் சிக்கவில்லை. பிறகு ஒரு வழி தோன்றியது. புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் கர் (cur), நியூ (new), டெம்ப் (tmp) என்ற மூன்று உட்கோப்புறைகளை அமைத்து, கேஷ் கோப்புகளை நியூ என்பதற்குள் நகலெடுத்தேன். மெயில்டிர் என்ற அஞ்சல் பெட்டியின் அமைப்பு அவ்வளவுதான்: மூன்று உட்கோப்புறைகள், கடிதத்துக்கு ஒரு கோப்பு. அந்தக் கோப்புறையைத் திறக்கும்படி மட்டிடம் சொன்னதும், சேவையகத்தின் துணையின்றிக் கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன. தமிழ் எழுத்துகளும் ஒழுங்காகத் தெரிந்தன. ரசீது இருந்த கடிதம் கிடைத்தது, ஏனென்றால் அதை நான் முன்பே ஒருமுறை திறந்து பார்த்திருந்தேன். புயலுக்கு முந்தைய இரவு வந்து, திறக்காமல் விட்டிருந்த இன்னொரு கடிதம் கிடைக்கவில்லை. மெசேஜ் கேஷில் இருப்பது நாம் திறந்த கடிதங்கள் மட்டுமே. இணைப்பு இல்லாத நாட்களிலும் எல்லாக் கடிதங்களும் வேண்டும் என்பவர்கள் கேஷை நம்பாமல், எம்பிசிங்க், ஆஃப்லைன்ஐமேப் போன்ற ஒத்திசைவு நிரல் ஒன்றை வைத்து முழுப் பெட்டியையும் மெயில்டிராக இறக்கிக்கொள்ள வேண்டும்.

நாம் திறந்தவை மட்டுமே சேரும் என்றால் சிலருடைய கணினியில் அது ஜிகாபைட் கணக்கில் எப்படிப் பெருகுகிறது? எங்கள் ஊர் விவசாயிகள் குழுவின் கணக்கைப் பார்க்கும் பெரியவர் ஒருவர் சென்ற கோடையில் தம் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, டிஸ்க்கு நிரம்பிப்போச்சுன்னு சொல்லுது. பழைய மெயிலையெல்லாம் அழிச்சாத்தான் எடம் வருமா?"

"வேணாம் மாமா, மெயில்ல கை வைக்காதீங்க. மொதல்ல எது எடத்தை அடைச்சிருக்குன்னு பாப்போம்."

கோப்புறைகளின் அளவைக் காட்டும் டியூ கட்டளையை இயக்கிப் பார்த்தபோது மெசேஜ் கேஷ் மட்டும் 11 ஜிகாபைட். அவர் தினமும் படிப்பதோ பத்துக் கடிதங்கள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது: ஓர் உர நிறுவனத்தின் பெயர் எந்தக் கடிதத்தில் வருகிறது என்று அறிய, முழுப் பெட்டியிலும் கடித உடலுக்குள் தேடியிருக்கிறார். மட் நிரலில் அலைக்குறியும் பி எழுத்தும் இட்டுத் தேடினால், ஒவ்வொரு கடிதத்தையும் நம் கணினிக்கு இறக்கி, பிரித்துப் பார்த்துத் தேடும். இறக்கிய ஒவ்வொன்றும் கேஷில் தங்கும். அலைக்குறிக்குப் பதிலாகச் சமக்குறி இட்டால் தேடும் வேலையைச் சேவையகமே செய்து விடையை மட்டும் அனுப்பும். ஒரே ஒரு குறியில் இருக்கும் இந்த வேறுபாடு மெல்லிய இணைப்பு உள்ளவர்களுக்கு அன்றாடம் உதவக்கூடியது. மட் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

சுத்தம் செய்வதற்கு வருவோம். டெல்டாவில் வாய்க்கால்களைத் தூர்வாருவது கோடையில், மேட்டூரிலிருந்து தண்ணீர் வருவதற்கு முன்னால். தண்ணீர் ஓடும்போது தினம் ஒரு கூடை மண் அள்ளுகிறவர் யாரும் இல்லை. கேஷையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும். மெசேஜ்_கேஷ்_கிளீன் என்ற அமைப்பை இயக்கினால், பெட்டியைச் சேவையகத்தோடு ஒத்திசைக்கும் நேரத்தில், அங்கே இப்போது இல்லாத கடிதங்களின் நகல்களையும் செல்லுபடி எண் காலாவதியான நகல்களையும் மட் தானே நீக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கேஷ் முழுவதையும் சரிபார்ப்பதால் நேரம் பிடிக்கும். இயல்பில் அது அணைந்தே இருப்பதற்குக் காரணம் அதுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை இயக்கி, முக்கியமான பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒத்திசைத்துவிட்டு, மறுபடி அணைத்துவிடுவது என் வழக்கம். திறக்காத பெட்டிகளின் கேஷை இது தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த அமைப்பு நீக்குவது சேவையகத்தில் இல்லாதவற்றை மட்டுமே. பெரியவரின் 11 ஜிகாபைட்டும் சேவையகத்தில் இன்னும் இருக்கும் கடிதங்களின் நகல்கள். அவற்றுக்கு இது உதவவில்லை. அத்தகைய நிலையில் நாள் கணக்கில் பழையவற்றை நாமே நீக்க வேண்டும். ஃபைண்ட் கட்டளையில், கோப்பு எழுதப்பட்டு 180 நாட்களுக்கு மேல் ஆனவை என்ற நிபந்தனையைக் கொடுத்தால் அவற்றைப் பட்டியலிடும். முதல் முறை வெறும் பட்டியலாக மட்டும் இயக்குங்கள். வருகிற பெயர்கள் எல்லாம் கேஷ் கோப்புறைக்குள்தான் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகு அழிக்கும் கட்டளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதையில் ஓர் எழுத்து தவறினாலும் வேறு கோப்புறை காலியாகிவிடும் என்பதால் இந்த ஒரு நிமிடத் தாமதத்தை நான் ஒருபோதும் விட்டதில்லை.

ஹெடர் கேஷுக்கு இப்படிப்பட்ட பராமரிப்பு வசதி எதுவும் மட்டில் கிடையாது. கடிதத்தை நீக்கினாலும், எல்எம்டிபி போன்ற தரவுத்தளங்களில் காலியான இடம் புதிய பதிவுகளுக்குப் பயன்படுமே தவிரக் கோப்பு சுருங்காது. அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டதாகத் தோன்றினாலோ, பட்டியலில் தவறான பொருள் வரிகள் தெரிந்தாலோ, மட்டை மூடிவிட்டு அந்தக் கோப்பை அழித்துவிடலாம். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாகிவிடும்.

இனி, தொடக்கூடாதவை. ஒத்திசைவு நிரல் இறக்கிவைத்த மெயில்டிரும் பார்வைக்கு மெசேஜ் கேஷைப் போலவே கடிதத்துக்கு ஒரு கோப்பாகத்தான் இருக்கும். இடமும் நிறையப் பிடிக்கும். ஆனால் அது கேஷ் அல்ல. நீக்கங்களை இருபுறமும் பரப்பும்படி அமைத்திருந்தால், மெயில்டிரில் ஒரு கோப்பை நாம் அழித்ததை அந்த நிரல் 'இந்தக் கடிதம் வேண்டாம்' என்ற முடிவாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஒத்திசைவில் சேவையகத்திலிருந்தும் நீக்கிவிடும். அலமாரி நகலைக் கிழித்ததும் தாலுகா அலுவலகத்தில் மூலப் பதிவும் கிழிந்துபோவது போன்றது அது. அனுப்பிய கடிதங்களையும் பாதியில் நிறுத்திய வரைவுகளையும் உங்கள் கணினியிலேயே சேமிக்கும்படி அமைத்திருந்தால் அந்தக் கோப்புகளும் மூலங்களே. அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்காது. அமைப்புக் கோப்பைத் திறந்து, ஹெடர்_கேஷ், மெசேஜ்_கேஷ்டிர் என்ற இரண்டு வரிகளில் எழுதியிருக்கும் பாதைகள் எவையோ அவை மட்டுமே கேஷ் என்று கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் கோப்புறையை அழிக்காமல் வேறு பெயரிட்டு ஒரு வாரம் விட்டுவைத்து, எந்தக் கடிதமும் காணாமல் போகவில்லை என்று உறுதியான பிறகு நீக்கலாம்.

கேஷில் இருப்பது நகல்தான் என்றாலும் படிக்கக்கூடிய நகல். சேவையகத்துக்கும் நமக்கும் இடையே கடிதம் பூட்டிய வழியில் வந்தாலும், வட்டில் இறங்கியபின் அது திறந்த தாள். பிஜிபி முறையில் மறையாக்கம் செய்து அனுப்பப்பட்ட கடிதங்கள் மட்டும் கேஷிலும் மறையாக்கத்தோடே இருக்கும். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் கடைகளிலும் குழு அலுவலகங்களிலும் இது முக்கியம். கேஷ் கோப்புறைக்கு உரியவர் தவிர வேறு எவரும் நுழைய முடியாதபடி அனுமதியை 700 என்று அமைக்க வேண்டும். கணினியை விற்பதற்கோ பழுது பார்ப்பதற்கோ கொடுக்கும் முன் கேஷை நீக்கிவிட வேண்டும். தானியங்கிக் காப்புப் பிரதி எடுப்பவர்கள் அதில் கேஷ் கோப்புறைகளை விலக்கிவிடலாம். மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடியவற்றுக்கு வெளி வட்டில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

அழித்த பிறகு முதல் முறை பெட்டியைத் திறக்கும்போது அந்த நீண்ட எண்ணிக்கை மறுபடி ஓடும். அதனால் நான் கேஷை நீக்கும் வேலையை ஊரில் வைத்துச் செய்வதில்லை. மன்னார்குடிக்குப் போகும் நாளில், நல்ல இணைப்பு கிடைக்கும் நண்பர் வீட்டில் நீக்கிவிட்டு, அங்கேயே பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஹெடர் கேஷை நிரப்பிக்கொண்டு, அடிக்கடி தேவைப்படும் சில கடிதங்களையும் ஒருமுறை திறந்து மூடிவிட்டுத் திரும்புகிறேன். பெரியவரின் மடிக்கணினியையும் அப்படித்தான் சரிசெய்து கொடுத்தோம். 11 ஜிகாபைட்டில் இப்போது மிச்சம் இருப்பது 300 மெகாபைட்டுக்கும் குறைவு, கடிதங்கள் அத்தனையும் பெட்டியில் இருக்கின்றன.